சிங்கப்பூர்ல வீடு தேடுறீங்களா? பகல் முழுக்க அந்த வீட்ல யார் இருக்கப்போறாங்கன்னு முதல்ல பாருங்க

கேள்வி: வணக்கம். என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூர்ல வேலை கிடைச்சிருக்கு, ஆபீஸ் சாங்கி பிஸினஸ் பார்க்ல. சென்னை வேளச்சேரில இருந்து நாங்க மூணு பேரும் வர்றோம், பையனுக்கு 5 வயசு. மாமியாரும் அப்பப்ப வந்து தங்குவாங்க, அவங்களுக்கு முட்டி வலி. வாடகை 3,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் குடுக்கலாம்னு இருக்கோம். தெரிஞ்சவங்க சிலர் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் எடுங்க, நம்ம ஊர் மாதிரியே இருக்கும்ங்கிறாங்க, சிலர் பொங்கோல்ல புது வீடா கிடைக்கும்ங்கிறாங்க, இன்னொருத்தர் கொண்டோதான் (தனியார் அடுக்குமாடி வீடு) பாதுகாப்புன்னு சொல்றார். எந்த ஏரியா, எந்த மாதிரி வீடு எடுக்குறது? ஆபீஸுக்கு எந்த லைன்ல போறது சுலபம்? இங்கருந்தே ஆன்லைன்ல பாத்து அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடலாமா? நான் வேலைய விட்டுட்டுதான் வர்றேன்.

பதில்:

வணக்கம்மா. உங்க லெட்டர முழுசா படிச்சேன். ஆபீஸ் எங்க, எந்த லைன், மாமியார் முட்டி, பையன் வயசு எல்லாம் எழுதிட்டு உங்களப் பத்தி கடைசில ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, வேலைய விட்டுட்டு வர்றேன்னு. நான் பதில அந்த வரில இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா இந்த வீட்ல அதிக நேரம் இருக்கப்போறது நீங்கதான்.

வீட்டுக்காரர் காலைல கிளம்புனா சாயங்காலம்தான் வருவார். நீங்க டிபெண்டன்ட் பாஸ்ல (வேலை பாக்குறவரோட குடும்பத்துக்குக் குடுக்குற அனுமதி) வர்றீங்கன்னு நெனைக்கிறேன், 2021 மே மாசத்துல இருந்து அந்த பாஸ வெச்சு மட்டும் இங்க வேலைக்குப் போக முடியாது, உங்களுக்குன்னு ஒரு கம்பெனி தனியா வொர்க் பாஸ் எடுக்கணும். அது கிடைக்கிற வரைக்கும் பகல் முழுக்க நீங்க, பையன், அந்த ஏரியா, அவ்வளவுதான். வீடு மாத்தணும்னு ஏஜெண்டான எங்கிட்ட வர்ற நம்ம குடும்பங்கள்ல ஆபீஸ் தூரம்னு மாத்துறவங்க கம்மி, வீட்ல இருக்கிறவங்களுக்கு அந்த இடம் ஒத்து வரலன்னு மாத்துறவங்கதான் அதிகம். பேச ஆள் இல்ல, நடந்து போற தூரத்துல ஒரு கடை இல்ல, பிள்ளைய விளையாட விட இடம் இல்லன்னு சொல்லிட்டு வருவாங்க, அதுக்குள்ள ரெண்டு வருஷ அக்ரிமெண்ட் போட்டிருப்பாங்க, நடுவுல விட்டா டெபாசிட் போயிடும். அதனாலதான் வீட்டுக்காரர் பயணத்துல பத்து நிமிஷம் கூடுனாலும் பரவால்ல, உங்க பகல் நல்லா இருக்கணும்னு சொல்றேன்.

அடுத்தது ஸ்கூல். ஏரியாவ முடிவு பண்றதுக்கு முன்னாடி இத முடிவு பண்ணணும், ஆனா நிறைய பேர் மாத்தி செய்யிறாங்க. இங்க பிள்ளைக்கு 7 வயசு ஆகுற வருஷம் ஜனவரில பிரைமரி ஒண்ணு ஆரம்பிக்கும். ஸ்கூலுக்கு 1 கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா முன்னுரிமைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அது சிட்டிசனுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசி) உள்ள விஷயம். உங்கள மாதிரி பாஸ்ல வர்றவங்க பிள்ளைங்க எல்லாருக்கும் கடைசியா, மூணாவது கட்டத்துலதான் பதியணும், இடம் மிச்சம் இருந்தாதான் கிடைக்கும், நிச்சயம் கிடையாது. அதனால நல்ல அரசாங்க ஸ்கூல் பக்கத்துல இருக்குன்னு கூட வாடகை குடுத்து வீடு எடுக்காதீங்க. ரெண்டாம் வகுப்புல இருந்து சேரணும்னா ஏஇஐஎஸ்னு ஒரு பரீட்சை இருக்கு, அதுல பாஸானாலும் எந்த ஸ்கூல்ல இடம் இருக்கோ அங்கதான் போடுவாங்க. பாலர் பள்ளிக்கும் ஒரு விஷயம், கல்வி அமைச்சு நடத்துற கிண்டர்கார்ட்டன்ல சிட்டிசன், பிஆர் பிள்ளைங்கள மட்டும்தான் சேப்பாங்க, நீங்க மத்த பாலர் பள்ளிகள்லதான் கேக்கணும், கேக்கும்போதே தமிழ் சொல்லித் தர்றாங்களான்னும் கேளுங்க, எல்லா எடத்துலயும் இருக்காது.

இந்தியா சிலபஸ்லயே தொடரட்டும்னா பொங்கோல்ல குளோபல் இந்தியன் ஸ்கூல் இருக்கு, சாய் சீல என்பிஎஸ் இருக்கு. ஒண்ணு வடகிழக்கு, ஒண்ணு கிழக்கு. உங்க ஏரியா கேள்விக்கு பாதி பதில் இதுலயே வந்துடும். சாய் சீ ஸ்கூல்னா பிடோக், சீமெய், தெம்பனிஸ் எல்லாம் பக்கம், ஆபீஸும் அதே பக்கம். பொங்கோல் ஸ்கூல்னா நீங்க பொங்கோல், செங்காங் பக்கம் போகலாம், ஆனா வீட்டுக்காரர் தினமும் கொஞ்சம் கஷ்டப்படணும். ஸ்கூல் பஸ் இருக்கு, எந்த ஏரியால இருந்தும் அனுப்பலாம்னு சொல்வாங்க, உண்மைதான், ஆனா 5 வயசு பிள்ள விடிகாலைல எழுந்து ஒரு மணி நேரம் பஸ்ல உக்காந்து போறது எனக்கு மனசு ஒப்பல. அதனால முதல்ல ஸ்கூலுக்கு மெயில் போட்டு இடம் இருக்கான்னு கேளுங்க, பதில் வரட்டும், அப்புறம் ஏரியா.

இப்ப நீங்க எழுதியிருந்த இடங்களுக்கு வர்றேன்.

தேக்கா, ஃபேரர் பார்க் பக்கம் எடுக்கச் சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. கறிவேப்பிலை, வாழை இலை, மல்லிப்பூ, வெள்ளிக்கிழமை கோயில் எல்லாம் நடந்து போற தூரம். வீரமாகாளியம்மன் கோயிலும் பெருமாள் கோயிலும் சிராங்கூன் ரோட்லயே இருக்கு. தீபாவளி, பொங்கல் சமயத்துல அந்த வெளக்கு அலங்காரத்துக்கு நடுவுல இருக்கிறது சந்தோஷம்தான், நான் மறுக்கல. ஆனா சின்னப் பிள்ளைய வெச்சுக்கிட்டு குடியிருக்கன்னு பாத்தா அங்க வீடுங்க கம்மி, இருக்கிறது நிறைய பழசு, அதே அளவு வீட்டுக்கு வாடகையும் ஜாஸ்தி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த ஏரியா முழுக்க வெளிநாட்டு ஊழியர்கள் கூடுற நாள், வாரம் பூரா உழைச்சவங்க ஒரு நாள் நண்பர்களப் பாக்க வர்றாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல, ஆனா நீங்க பிள்ளைய ஸ்ட்ரோலர்ல வெச்சு தள்ளிட்டுப் போக முடியாது. தேக்காவுக்கு வாரம் ஒரு தடவ போய் வாங்குங்க, போதும். இன்னிக்கு எந்தப் பேட்டைலயும் ஈரச்சந்தைக்கிட்ட (காய்கறி, மீன் விக்கிற மார்க்கெட்) ஒரு இந்திய மளிகைக்கடை தேடுனா கிடைக்கும், இட்லி அரிசிக்கும் துவரம்பருப்புக்கும் ரயில் ஏற வேண்டியதில்ல.

பொங்கோல், செங்காங் நல்ல பேட்டைங்கதான். புது புளோக்குங்க (அடுக்குமாடிக் கட்டடங்க), நம்ம குடும்பங்க நிறைய, செங்காங் ரிவர்வேல் பக்கம் முருகன் கோயில் இருக்கு, வடகிழக்கு லைன் புடிச்சா ரயில் மாறாம ஃபேரர் பார்க், லிட்டில் இந்தியா. உங்க வீட்டுக்காரர் ஆபீஸ் சிட்டில இருந்திருந்தா நானே அங்க பாருங்கன்னு சொல்லியிருப்பேன். ஆனா பொங்கோல்ல இருந்து சாங்கி பிஸினஸ் பார்க்குக்கு ரயில்ல போனா உள்ள வந்து சுத்திப் போகணும், இல்லன்னா பஸ்ஸ நம்பணும். பொங்கோலயும் பாசிர் ரிஸ்ஸயும் இணைக்கிற கிராஸ் ஐலண்ட் லைன் கிளை 2032லதான் வரும்னு சொல்லியிருக்காங்க, அது உங்களுக்கு இப்ப உதவாது.

அதனால ஸ்கூல் தடையா இல்லன்னா கிழக்குதான். தெம்பனிஸ், சீமெய், பிடோக், தானா மேரா. சாங்கி பிஸினஸ் பார்க்குக்கு எக்ஸ்போ ஸ்டேஷன்ல எறங்கணும். தெம்பனிஸ்ல இருந்து டவுன்டவுன் லைன்ல தெம்பனிஸ் ஈஸ்ட், அப்பர் சாங்கி, எக்ஸ்போ, மூணாவது ஸ்டாப், ரயில் மாறவே வேண்டாம். சீமெய்ல இருந்துன்னா கிழக்கு மேற்கு லைன்ல தானா மேரா வந்து மாறி எக்ஸ்போ, ஆனா சீமெயோட கிழக்குப் பக்கம் வீடு கிடைச்சா அப்பர் சாங்கி ஸ்டேஷனுக்கே நடந்துடலாம். சாங்கி பிஸினஸ் பார்க்ல பேங்க்லயும் ஐடிலயும் வேலை பாக்குற நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் இந்தப் பக்கம்தான் குடியிருக்காங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு சீமெய்ல ஒரு பிளேகிரவுண்ட் பக்கம் போய் நின்னா தமிழும் தெலுங்கும் கேக்கும், பிள்ளைங்க ஊஞ்சல்ல இருக்கும்போது அம்மாமாருங்க பெஞ்சுல உக்காந்து எந்த டாக்டர், எந்த டியூஷன், எங்க நல்ல மாவு கிடைக்கும்னு பேசிக்கிட்டிருப்பாங்க. உங்களுக்கு அந்த பெஞ்சுதான் முக்கியம், வீட்டுக்காரர் ரயில விட.

தெம்பனிஸ்ல ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. டவுன்டவுன் லைன் மேப்ப பாத்தா தெம்பனிஸ்ல இருந்து நேரா லிட்டில் இந்தியா ஸ்டேஷனுக்கு போயிடலாம்னு தெரியும், போகலாம்தான், ஆனா அந்த லைன் ஜாலான் புசார் தாண்டி சைனாடவுன், மரினா பக்கமெல்லாம் ஒரு சுத்து சுத்திட்டுதான் புகிஸ் வழியா லிட்டில் இந்தியாவுக்கு வரும். உக்காந்துட்டே இருக்காதீங்க, பெண்டமீர்லயோ ஜாலான் புசார்லயோ எறங்கி நடந்தா முஸ்தபா கடையும் சிராங்கூன் ரோடும் கிட்டதான்.

கிழக்குல ஒரு குறையும் இருக்கு, சொல்லிடுறேன். பாய லேபார் விமானப்படைத் தளம் அந்தப் பக்கம் இருக்கறதால தெம்பனிஸ், பாசிர் ரிஸ், பொங்கோல்ல எல்லாம் வார நாள்ல போர் விமானம் பறக்குற சத்தம் வரும், சில புளோக்ல நல்லாவே கேக்கும். அந்தத் தளத்த 2030க்கு அப்புறம்தான் அங்கருந்து மாத்தப்போறாங்க. பையன் மத்தியானம் தூங்குவான்னா வீடு பாக்க வார நாள்லயே போங்க, ஞாயித்துக்கிழமை போனா எல்லா வீடும் அமைதியாதான் இருக்கும்.

எச்டிபியா (அரசாங்க வீடமைப்புக் கழகம் கட்டுன அடுக்குமாடி வீடு) கொண்டோவான்னு கேட்டிருந்தீங்க. பாதுகாப்புக்காக கொண்டோ எடுக்கணும்னு இந்த ஊர்ல அவசியமே இல்ல, எச்டிபில ராத்திரி லேட்டா பொம்பளைங்க தனியா நடந்து வர்றது சாதாரணம். கொண்டோல நீச்சல் குளம், ஜிம், வாசல்ல காவலர் இருக்கும், ஆனா உங்க 3,500க்கு ரெண்டு ரூம் கிடைக்கிறதே இழுபறியா இருக்கும், கிடைச்சாலும் புது கொண்டோல சமையலறை ஹாலோட சேந்தே திறந்து இருக்கும், நம்ம வீட்டுத் தாளிப்புக்கு அது சரி வராது, சோபால எல்லாம் வாசனை ஏறிக்கும், போகும்போது ஓனர் அதுக்குன்னு டெபாசிட்ல கை வைப்பார். அதே காசுக்கு எச்டிபில நாலறை வீடு பாக்கலாம். இங்க நாலறைன்னா ஹாலையும் சேத்து எண்றது, அதாவது மூணு பெட்ரூம், சுமார் 90 சதுர மீட்டர், மூணறைன்னா ரெண்டு பெட்ரூம். மாமியாருக்கும் ஒரு ரூம் ஆச்சு. அவங்கள ரொம்ப நாள் கூடவே வெச்சுக்கணும்னா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அப்பா அம்மாவுக்கு நீண்டகால பாஸ் வாங்க எம்ப்ளாய்மெண்ட் பாஸ்ல இருக்கிறவர் சம்பளம் மாசம் 12,000 வெள்ளியாவது இருக்கணும், இல்லன்னா விசிட் விசால வந்து போறதுதான்.

எச்டிபி எடுக்கும்போது நம்ம ஆளுங்க அடிபடுற எடம் ரெண்டு இருக்கு.

முதல்ல கோட்டா. பாஸ்ல இருக்கிற வெளிநாட்டுக்காரங்களுக்கு முழு வீட்ட வாடகைக்கு விடுறதுக்கு எச்டிபி ஒரு அளவு வெச்சிருக்கு, பேட்டைக்கு 8 சதவீதம், புளோக்குக்கு 11 சதவீதம், மலேசியாக்காரங்களுக்கு இது கிடையாது. அந்த அளவு நிரம்பிட்டா ஓனருக்கே ஆசையிருந்தாலும் உங்களுக்கு முழு வீட்ட விட முடியாது. நம்ம ஆளுங்க அதிகமா தேடிப்போற புளோக்லதான் இது சீக்கிரம் நிரம்பும். வீடு புடிச்சிருக்கு, ஓனரும் சரின்னுட்டார், புக்கிங் பணமும் குடுத்தாச்சு, அப்புறம் கோட்டா இல்லன்னு தெரிஞ்சு பணத்த திரும்ப வாங்க அலையறவங்க இருக்காங்க. வீடு பாக்கப் போறதுக்கு முன்னாடியே ஏஜெண்ட்கிட்ட இந்த புளோக்ல கோட்டா இருக்கா, செக் பண்ணிட்டீங்களான்னு மெசேஜ்ல கேளுங்க, பதிலும் மெசேஜ்லயே வரட்டும்.

ரெண்டாவது பூட்டுன ரூம். நல்ல வீடு, நல்ல ஏரியா, வாடகை மட்டும் மத்ததவிட கம்மி, ஆனா ஒரு ரூம் பூட்டியிருக்கும், ஓனர் சாமான் வெச்சிருக்கார், அவர் இங்க இருக்க மாட்டார், வீடு பூரா உங்களுக்குத்தான்ம்பாங்க. அந்த வீட்டப் பக்கமே போகாதீங்க. முழு வீட்ட வாடகைக்கு விடணும்னா ஓனர் சிட்டிசனா இருக்கணும், பொதுவா 5 வருஷமாவது அதுல குடியிருந்திருக்கணும், பிஆர் ஓனர் முழு வீட்ட விடவே முடியாது, ரூம் மட்டும் விடுறதுன்னா அவங்களும் அங்கயே இருக்கணும். அந்த அனுமதி இல்லாதவங்கதான் ஒரு ரூம பூட்டி வெச்சுட்டு ரூம் வாடகைன்னு கணக்கு காட்டுறாங்க. எச்டிபி ஆளுங்க சோதனைக்கு வந்தா ஓனருக்கு பிரச்சினை, நீங்க பிள்ளையத் தூக்கிட்டு வேற வீடு தேடணும். அனுமதி வாங்கியிருக்காரா, அதுல உங்க பேரெல்லாம் பதிஞ்சிருக்கான்னு சிங்பாஸ் (அரசாங்க இணைய சேவைக்கான லாகின்) வந்ததும் எச்டிபி இணையப் பக்கத்துல நீங்களே பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, மனசுக்கு கஷ்டமான விஷயம். சில ஓனருங்க இந்தியர்களுக்கு வீடு தர யோசிப்பாங்க, நேரா சொல்லாம ஹெவி குக்கிங் வேண்டாம்னு சொல்வாங்க. விளம்பரத்துல இனத்தச் சொல்லி ஒதுக்கக் கூடாதுன்னு எங்கள மாதிரி ஏஜெண்டுகளுக்கு சிஇஏ (ஏஜெண்டுகளக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு) விதி வெச்சிருக்கு, ஆனா ஓனர் மனசுக்குள்ள இருக்கறத விதி மாத்திடாது. எனக்கு இது பல வருஷமா வருத்தம்தான். உங்களுக்கு நான் சொல்றது, தினமும் சமைப்போம், மூணு வேளையும் சமைப்போம்னு முதல்லயே ஏஜெண்ட்கிட்ட சொல்லிடுங்க, சமையல மறைச்சு வீடு எடுத்துட்டு அப்புறம் ஜன்னல மூடிக்கிட்டு பயந்து பயந்து தாளிக்கிற பொழப்பு வேண்டாம். சரின்னு சொல்ற ஓனர் கிடைப்பாங்க, அவங்க வீடுதான் உங்களுக்கு வீடு.

வீடு பாக்கப் போனா என்ன பாக்கணும்? ஹால் அழக பாத்துட்டு நிக்காம நேரா சமையலறைக்குப் போங்க. சிங்க் அடில இருக்கிற கதவத் திறந்து குனிஞ்சு பாருங்க, பலகை ஊறிப்போய் உப்பியிருந்தா குழாய் ஒழுகுதுன்னு அர்த்தம், ஓரத்துல கருப்பா பொடிப்பொடியா கிடந்தா கரப்பான் இருக்கு. பழைய புளோக்ல குப்பைத் தொட்டிக் குழாய் சமையலறைக்குள்ளயே இருக்கும், அதோட மூடி இறுக்கமா மூடுதான்னு தூக்கிப் பாருங்க, புது புளோக்ல அது லிஃப்ட் பக்கத்துல பொதுவா இருக்கும். அடுப்பு மேல இருக்கிற ஹூட போட்டுட்டு ஒரு டிஷ்யூவ கிட்ட கொண்டு போங்க, இழுத்துப் புடிக்கணும். கிரைண்டர் வைக்க பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு பாருங்க, கரண்ட் நம்ம ஊர் மாதிரியே 230 வோல்ட்தான், உங்க கிரைண்டர், மிக்ஸி எல்லாம் இங்க ஓடும், பிளக் மட்டும் மாத்தணும். அதனால தாராளமா கொண்டு வாங்க.

அப்புறம் பாத்ரூம் மேல்கூரைய பாருங்க. மஞ்சளா வட்டம் வட்டமா கறை இருந்தா மேல் வீட்ல இருந்து கசியுது. எச்டிபில அத மேல் வீட்டு ஓனரும் கீழ் வீட்டு ஓனரும் சேந்துதான் சரி பண்ணணும், அவங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் சொட்டுறது உங்க தலைல. ஏர்கான போட்டுட்டு பேசிக்கிட்டே கொஞ்ச நேரம் ஓட விடுங்க, தண்ணி சொட்டுதான்னு தெரிஞ்சிடும். பெட்ரூம் மேற்கு பாத்து இருந்தா மத்தியானம் மூணு நாலு மணிக்குத்தான் வீடு பாக்கப் போகணும், வெளிச் சுவத்த உள் பக்கமா கைய வெச்சுப் பாருங்க, சுட்டா ராத்திரி வரைக்கும் அந்த ரூம் அனலாத்தான் இருக்கும், ஏர்கான் ஓடி ஓடி கரண்ட் பில் ஏறும். வடக்கு தெற்கு பாத்த ஜன்னல்னா நல்லது.

5 வயசுப் பையன் இருக்கான், அதனால ஜன்னல்ல கிரில் இல்லாத வீட்ட எடுக்காதீங்க. எச்டிபில கிரில் கட்டாயம் கிடையாது, நிறைய பேர் பாக்க அழகா இருக்கணும்னு எடுத்துடுறாங்க. வீடு புடிச்சிருந்தா ஓனர் கிரில் போட்டுக் குடுத்தாதான் கையெழுத்துன்னு சொல்லுங்க. இதுல நான் விட்டுக்குடுக்கவே சொல்ல மாட்டேன், பன்னெண்டாவது மாடியோ மூணாவது மாடியோ.

மாமியாருக்காக லிஃப்ட். பழைய புளோக்ல லிஃப்ட் சில மாடில மட்டும்தான் நிக்கும், 2001ல ஆரம்பிச்ச மேம்பாட்டுத் திட்டத்துல பெரும்பாலான புளோக்க சரி பண்ணிட்டாங்க, இருந்தாலும் ஒண்ணு ரெண்டு எடத்துல இன்னும் அரை மாடி ஏறி எறங்கணும். லிஃப்ட்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் படி இருக்கான்னு நடந்து பாருங்க. பாத்ரூம் வாசல்ல ஒரு படி உயரம் இருக்குமே, அதையும் பாருங்க, முட்டி வலி உள்ளவங்களுக்கு அதுதான் தினமும் தொந்தரவு.

வீடு புடிச்சிருந்தா உடனே முடிவு சொல்லாம கீழ எறங்கி புளோக்க ஒரு சுத்து சுத்துங்க. காப்பிக்கடை எவ்வளவு தூரம், அங்க நம்ம சாப்பாட்டுக்கடை ஒண்ணாவது இருக்கா, ஈரச்சந்தை எங்க, கிளினிக் எங்க, பிளேகிரவுண்ட் எந்தப் பக்கம், மழைல நனையாம எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வரைக்கும் கூரை போட்ட நடைபாதை இருக்கா. எதிர்ல காலி நிலத்துல தகரம் அடிச்சு வெச்சிருந்தா புது புளோக் வருதுன்னு அர்த்தம், ரெண்டு மூணு வருஷத்துக்கு தூசியும் சத்தமும் நிச்சயம். பக்கத்து வீட்டு பாட்டி காரிடார்ல நின்னா சிரிச்சு ஒரு வார்த்த பேசுங்க, புளோக்கப் பத்தி ஏஜெண்ட் சொல்லாதது எல்லாம் அவங்க சொல்லிடுவாங்க.

காசு விஷயத்த வேகமா சொல்லிடுறேன். 3,300 வெள்ளி வாடகை, ரெண்டு வருஷம்னு வெச்சுக்கோங்க. வழக்கமா வருஷத்துக்கு ஒரு மாச டெபாசிட், அப்ப ரெண்டு மாசம் 6,600, முதல் மாச வாடகை 3,300, ஸ்டாம்ப் டூட்டி மொத்த வாடகைல 0.4 சதவீதம், அது 316.80, இத நீங்கதான் ஐராஸுக்கு (இங்க வரித்துறை) கட்டணும், கையெழுத்து போட்டு 14 நாளுக்குள்ள. ஆக கைல 10,200 வெள்ளிக்கு மேல இருக்கணும், ஏஜெண்ட் கமிஷன் இருந்தா அது தனி, அது இவ்வளவுதான்னு சட்டம் எதுவும் இல்ல, பேசித்தான் முடிக்கணும், யார் குடுக்குறாங்கன்னு வீடு பாக்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க. அக்ரிமெண்ட்ல டிப்ளமாட்டிக் கிளாஸ் இல்லாம கையெழுத்து போடாதீங்க, வேலை போயிட்டாலோ வேற நாட்டுக்கு மாத்திட்டாலோ பொதுவா 12 மாசம் முடிஞ்சு 2 மாச நோட்டீஸ் குடுத்து வெளிய வர்றதுக்கு அதுதான் வழி. சின்ன ரிப்பேர் செலவுல முதல் 200, 300 வெள்ளி உங்களுதுன்னு போட்டிருப்பாங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஏர்கான் சர்வீஸும் உங்களுது, இதெல்லாம் வழக்கம்தான். சாவி வாங்குன அன்னிக்கே சுவத்துக் கீறல், தரைக் கறை, மெத்தை, ஃபிரிட்ஜ் ரப்பர் வரைக்கும் தேதியோட வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வெச்சிடுங்க. சாமி படத்துக்கு சுவத்துல ஆணி அடிக்கலாமா, வெளக்கேத்தலாமா, சாம்பிராணி போடலாமான்னு முன்னாடியே கேட்டு மெசேஜ்ல வாங்கி வெச்சுக்கோங்க.

கடைசியா, சென்னைல இருந்தே அட்வான்ஸ் கட்டிட்டு வரலாமான்னு கேட்டீங்க. வேண்டாம்மா. நேர்ல பாக்காத வீட்டுக்கு ஒரு வெள்ளி கூட அனுப்பாதீங்க. ஏஜெண்ட் பேரு, போட்டோ, ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் எல்லாம் நெஜமா இருக்கும், ஆனா பேசுறவன் வேற ஆளா இருப்பான், நிறைய பேர் கேக்குறாங்க, இன்னிக்கே டெபாசிட் போடுங்கன்னு அவசரப்படுத்துவான். சிஇஏ இணையப் பக்கத்துல ஏஜெண்ட் பேரயோ போன் நம்பரயோ போட்டா பதிவானவரான்னு தெரியும், உங்ககிட்ட பேசுற நம்பரும் அதுல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருக்கணும். எச்டிபி வாடகைல ஏஜெண்ட் உங்க வாடகைப் பணத்தையோ டெபாசிட்டையோ கையால தொடவே கூடாது, அது சட்டம், ஓனர் கணக்குக்கு நேரா போகணும்.

வந்து எறங்குன உடனே தங்க, கம்பெனி எச்ஆர்கிட்ட ரெண்டு மூணு வாரத்துக்கு சர்வீஸ் அபார்ட்மெண்ட் தருவாங்களான்னு கேளுங்க, கேட்டாதான் தருவாங்க. ஆன்லைன்ல ஒரு வாரம், ரெண்டு வாரம்னு யாரோ வீட்ட வாடகைக்கு விடுறத நம்பி புக் பண்ணாதீங்க, இங்க தனியார் வீட்டுக்கு குறைஞ்சது 3 மாசம், எச்டிபிக்கு 6 மாசம், அதுக்குக் கீழ விடுறது சட்டப்படி தப்பு. ஹோட்டலோ சர்வீஸ் அபார்ட்மெண்டோ சரி. வீட்டுக்காரர் முன்னாடி தனியா வந்து வீடு பாத்து வெச்சிடுவார்னு ஒரு யோசனையும் உங்க வீட்ல ஓடும், தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க, பகல் முழுக்க இருக்கப்போறவங்க பாக்காம அந்த வீட்ட முடிவு பண்ணக் கூடாது. மூணு பேரும் ஒண்ணா வாங்க, ஒரு வார நாள் மத்தியானம் தெம்பனிஸ், இன்னொரு நாள் சீமெய், பையனோட நடந்து பாருங்க.

ஸ்கூல்ல இருந்து பதில் வந்ததும் எனக்கு எழுதுங்க, எந்த ஸ்கூல்னு தெரிஞ்சா எந்தெந்த தெருவுல தேடலாம்னு குறிச்சு அனுப்புறேன். அக்ரிமெண்ட் கைக்கு வந்ததும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி, சிஇஏ இணையப் பக்கத்துல மாதிரி ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, அதப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் படிங்க, எங்க இடிக்குதோ அந்த வரிய எனக்கு அனுப்புங்க, பாத்து சொல்றேன்.